பச்சைவீடு: விசுவமடுத் தோட்டத்திலும் வானத்திலும்

இலங்கையின் வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் விசுவமடுவுக்கு உள்ளே இறங்கினால், மிளகாய்த் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பொலித்தீன் போர்த்திய வளைகூரை ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரி அறுபதைக் கடந்த ஓர் அம்மா. உள்ளே குடைமிளகாய் நட்டிருந்தார். நான் போனது காலை பத்தரைக்கு. அவர் வெளியே, வேப்பமர நிழலில் இருந்தார்.

"பத்து மணிக்குப் பிறகு உதுக்குள்ள நிக்கேலாது தம்பி. மனிக்பாம் தறப்பாள்தான் ஞாபகம் வரும்" என்றார். போர் முடிந்த 2009இல் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த வவுனியா முகாம்தான் மனிக்பாம்.

பக்கத்தில் விஞ்ஞானப் பாடப் புத்தகத்தோடு இருந்த பேரப்பிள்ளை தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "அம்மம்மா, பச்சைவீட்டு வாயு எண்டு இதில கிடக்கு. எங்கட இந்த வீட்டில இருந்துதானோ அது வருது?"

அம்மம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொல்லத் தொடங்கியதும் தடுமாறினேன். ஒரே சொல்லை நாங்கள் தோட்டத்துக்கும் வானத்துக்கும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றா, வேறா என்பதைப் பிள்ளைக்கு யாரும் பிரித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கிரீன்ஹவுஸ் என்ற ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. அதிலுள்ள 'பச்சை', வீட்டின் நிறத்தைக் குறிக்கவில்லை. குளிர்காலத்தில் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் செடிகளை அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'கிரீன்ஸ்' என்றார்கள். தோடை, எலுமிச்சை போன்ற வெப்ப நாட்டு மரங்கள் அந்த வகை. பனி விழுந்தால் அவை செத்துப்போகும். ஆகவே பணக்காரர்கள் அவற்றைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, குளிர் தொடங்கியதும் ஒரு கட்டடத்துக்குள் உருட்டிக்கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கட்டடம்தான் கிரீன்ஹவுஸ். தொடக்கத்தில் அதற்குக் கண்ணாடிக் கூரைகூட இல்லை. தெற்குப் பக்கம் பெரிய யன்னல்கள், உள்ளே ஓர் அடுப்பு, அவ்வளவுதான்.

வழக்கம் இந்தச் சொல்லைவிட மிகப் பழையது. உரோமப் பேரரசர் திபேரியசுக்கு நாள்தோறும் வெள்ளரிக்காய் வேண்டுமாம். அதற்காகத் தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வெள்ளரி வளர்த்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டுபோவார்கள், குளிர் நாளில் ஒளி ஊடுருவும் மெல்லிய கல் தகடுகளின் கீழே வைப்பார்கள் என்று உரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். பொலித்தீனும் கண்ணாடியும் இல்லாத காலத்தில் அந்தத் தகடுதான் கண்ணாடியின் வேலையைச் செய்திருக்கிறது.

இலங்கைக்கும் பச்சைவீட்டுக்கும் நூற்றைம்பது வருட உறவு இருப்பது பலருக்குத் தெரியாது. 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளில்தான் முளைக்க வைத்தார்கள். முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே வருடம் கப்பலில் இலங்கைக்கு வந்தன. அவை வந்தது வார்ட் பெட்டி எனப்படும் கண்ணாடிப் பெட்டிகளில். இலண்டன் மருத்துவரான நதானியல் வார்ட் கண்டுபிடித்த அந்தப் பெட்டி, கையில் தூக்கக்கூடிய ஒரு குட்டிப் பச்சைவீடு. உப்புக்காற்று உள்ளே போகாது, உள்ளே உள்ள ஈரம் வெளியே வராது. மாதக்கணக்கான கடற்பயணத்திலும் கன்று பிழைக்கும். கம்பகாவின் ஹெனரத்கொடப் பூங்காவில் நட்ட அந்தக் கன்றுகளின் வழியில்தான் இந்த நாட்டின் இறப்பர்த் தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் வேலை செய்த குடும்பங்கள் பல 1950களுக்குப் பிறகு, கலவரங்களுக்குத் தப்பி, வன்னிக்கு வந்து குடியேறின. விசுவமடுவிலும் தருமபுரத்திலும் இன்று மிளகாய் நடுகிறவர்களில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி எத்தனை பேரை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சரி, தோட்டத்துச் சொல் எப்படி வானத்துக்குப் போனது? 1767இல் சுவிட்சர்லாந்துக்காரரான சொசூர் பல அடுக்குக் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்றைச் செய்து வெயிலில் வைத்தார். பின்பு அதைத் திருத்திச் செய்தபோது உள்ளே சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டியது. அரை நூற்றாண்டு கழித்து, 1820களில், பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே பூமி ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசித்தார். கணக்குப்படி அது இதைவிடக் குளிராக இருந்திருக்க வேண்டும். சூரிய ஒளி வளிமண்டலத்துக்குள் சுலபமாக வருகிறது, தரையிலிருந்து எழும் வெப்பம் வெளியே போகத்தான் சிரமப்படுகிறது என்பதை அவர் ஊகித்தார். சொசூரின் பெட்டியை உதாரணமாகக் காட்டினார். பச்சைவீடு என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை.

1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாய் அதிகம் சூடேறியது, ஆறவும் நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியும் சூடாகும் என்று அப்போதே அவர் எழுதினார். நெடுங்காலம் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. 1859இல் ஜோன் டிண்டல் எந்த வாயு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று ஆய்வுகூடத்தில் அளந்தார். 1896இல் சுவீடன்காரரான அரீனியஸ், காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் வெப்பம் எவ்வளவு கூடும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1907இல் போய்ன்டிங் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதற்குப் பெயர் வைக்கும்போது, போர்வை விளைவு என்பதா, பச்சைவீட்டு விளைவு என்பதா என்று இரண்டையும் எழுதி, இரண்டாவதே தனக்குப் பிடித்தது என்றார். அவர் முதலாவதை எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். குளிர் நாட்டுக்காரருக்குப் பச்சைவீடு வீட்டுப் பின்வளவில் நிற்கும் பொருள். எங்களுக்கு அது யாரோ கொண்டுவந்து தந்த பொருள். போர்வை என்றிருந்தால் விசுவமடுப் பிள்ளைக்கு அன்றைக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது.

இரண்டு வருடம் கழித்து, 1909இல், அமெரிக்க இயற்பியலாளர் ரொபேர்ட் வூட் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதுக்குக் கல்லுப்பை மெல்லிய தகடாக வெட்டிய மூடி. தரையிலிருந்து எழும் வெப்பக் கதிரைக் கண்ணாடி தடுக்கும், உப்புத் தகடு தடுக்காது. அப்படியென்றால் கண்ணாடிப் பெட்டிதானே அதிகம் சூடாக வேண்டும்? இரண்டும் 55 பாகை அளவுக்கு ஏறின. வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை.

ஆக, தோட்டத்துப் பச்சைவீட்டைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிரைத் தடுப்பது அல்ல. உள்ளே சூடான காற்றை மேலே எழுந்துபோக விடாமல் அடைத்துவைப்பதுதான். வெளியே வயலில் தரை சூடானால் அதைத் தொட்ட காற்றும் சூடாகி எழும்பிப் போகும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். கூரையும் சுவரும் அந்தப் போக்குவரத்தை நிறுத்திவிடுகின்றன.

இதைப் புரிந்துகொள்ள வன்னிக்காரருக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. 2009இல் வவுனியாவின் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். தறப்பாளுக்குக் கீழே வைகாசி வெயிலில் இருந்தவர்களுக்கு, காற்றுப் போகாத கூரை என்றால் என்ன என்பது உடம்பில் எழுதிய பாடம். நடுப்பகலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வெட்டவெளி வெயிலில் நிற்பதே மேல் என்று நின்றவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் வெப்பம் இருந்தது, ஆனால் காற்று இருந்தது. அந்த அம்மா பச்சைவீட்டைப் பார்த்ததும் மனிக்பாமைச் சொன்னது வெறும் நினைவு மட்டும் அல்ல. அதில் விஞ்ஞானமும் சரியாகவே இருக்கிறது.

வானத்தின் கதை வேறு. வளிமண்டலத்துக்கு மூடி கிடையாது. சூடான காற்று தாராளமாக எழும்புகிறது, முகிலாகிறது, மழையாகிறது. அங்கே தடுக்கப்படுவது கதிர்தான். நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் தரை வெளிவிடும் வெப்பக் கதிரை உறிஞ்சி எல்லாத் திசைகளிலும் திருப்பி விடுகின்றன. ஒரு பங்கு கீழே வந்துசேர்கிறது. இதற்குப் பொலித்தீன் கூரையைவிட நல்ல உதாரணம் எங்கள் இரவுகளிலேயே இருக்கிறது. கார்த்திகையில் முகில் மூடிய இரவு புழுங்கும். தையில் முகில் இல்லாத இரவில், விடியும்போது கைகால் விறைக்கும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று முன்னோர் சொன்னது அந்தத் தெளிந்த வானத்து இரவுகளைத்தான். முகிலும் ஈரமும் மேலே இல்லாதபோது தரையின் வெப்பம் தடையில்லாமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது. முகில் இருந்தால் திரும்பி வருகிறது. காபனீரொட்சைட்டு செய்வதும் அதே வேலை. அது முகில் போலக் கலைந்துபோவதில்லை. விட்டால் நூற்றாண்டுக் கணக்கில் மேலே நிற்கும்.

இந்தப் போர்வை அடியோடு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை -18 பாகை அளவில் இருந்திருக்கும். இருப்பதால் ஏறத்தாழ 15 பாகை. எனவே பச்சைவீட்டு விளைவு தன்னளவில் கெட்டதல்ல, அது இருப்பதால்தான் எங்கள் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. கெட்டது போர்வை தடிப்பது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இனி தோட்டத்துக்குத் திரும்புவோம். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது அங்கேதான்.

குளிர் நாட்டில் பச்சைவீட்டின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும்கூட, இரவுக் குளிரையும் ஓயாத மழையையும் தடுக்க மூடிய பொலித்தீன் வீடு பொருந்தும். வன்னியில் எங்களுக்குச் சூடு இல்லை என்ற குறையா? சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் வெளியிலேயே 34, 35 பாகை. காற்றோட்டம் போதாத பொலித்தீன் வீட்டுக்குள் அது 40ஐத் தாண்டும். குடைமிளகாய்க்கு 32 பாகைக்கு மேல் போனால் பூ உதிரும். தக்காளிக்குப் பகலோடு இரவும் முக்கியம், இரவு வெக்கை கூடினால் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. அந்த அம்மாவுக்கு வீடு கிடைத்தது ஒரு திட்டத்தில். கொண்டுவந்து பூட்டியவர்கள் மலைநாட்டு அளவில், பதிந்த கூரையோடு, பக்கங்களில் பாதிக்குமேல் பொலித்தீன் அடித்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். முதல் பயிர் முழுவதும் பூவோடு போனது. கடன் மட்டும் காய்த்தது. பிழை அவருடையது அல்ல. பச்சைவீடு என்றால் எங்கும் ஒன்றுதான் என்று நினைத்தவர்களின் பிழை.

அப்படியானால் வன்னிக்குப் பச்சைவீடு தேவையில்லையா? தேவை, ஆனால் வேறு காரணங்களுக்காக. இங்கே அது காப்பாற்ற வேண்டியது பூச்சியிடமிருந்து, மாரி மழையிடமிருந்து, உச்சி வெயிலிடமிருந்து. மிளகாய் இலையைச் சுருட்டும் நோயைப் பரப்பும் வெண்ணீ என்ற வெள்ளை ஈ ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை அதைப் பெரும்பாலும் தடுக்கும். வலை இருந்தால் மருந்தடிப்பு பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது என்று வலைவீட்டுக்காரர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வலைக்கு வேறு நன்மையும் உண்டு. வன்னியில் மயில் ஒரு காலைப்பொழுதில் நாற்றுமேடையைக் கிளறித் தீர்த்துவிடும். வலை மயிலை நிறுத்தும். குரங்கை நிறுத்தாது, அது கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

மழை அடுத்த காரணம். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் வெளித்தோட்டத்தில் தக்காளி அழுகும், சந்தையில் விலை ஏறும். மேலே மட்டும் பொலித்தீன், நான்கு பக்கமும் வலை என்று இருந்தால் அந்த விலைக்கு விற்கக் காய் இருக்கும். கூரை 4 மீற்றருக்குக் குறையாமல் உயரமாக இருக்க வேண்டும். கூரை உச்சியில் ஒரு திறப்பு வேண்டும், சூடான காற்று போகும் வழி அதுதான். வூட்டின் பெட்டிக்கு ஒரு துளை போட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது இங்கே நடக்கும். வெயில் கடுமையான மாதங்களில் கூரைக்குக் கீழே நிழல் வலை விரிக்கலாம், பொலித்தீனுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பு மலிவு, மாரி தொடங்க மழையே கழுவிவிடும். வலை பொடிக்கண்ணாக இருக்க இருக்கக் காற்றும் குறையும் என்பதை மறக்கக்கூடாது. பூச்சியைத் தடுப்பதற்கும் காற்றை விடுவதற்கும் இடையில் எங்கே நிற்பது என்பது ஒவ்வொரு தோட்டக்காரரும் தன் நிலத்தில் பார்த்துப் பிடிக்க வேண்டிய அளவு.

செலவும் பேச வேண்டும். கூரைப் பொலித்தீன் வெயிலில் சில வருடங்களில் உக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதை மாற்றும் விலையைக் கேட்டு, சட்டத்தை மட்டும் நிற்கவிட்டு உள்ளே பாகல் படர விட்டவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு பந்தல்தான், குறைசொல்ல மாட்டேன். கிடுகால் நாற்றுமேடைக்கு நிழல்போட்டு, காலையும் மாலையும் அதைத் தூக்கிவைத்து வெயிலுக்குப் பழக்கிய எங்கள் பெற்றோருக்கு இந்தக் கலை புதிதல்ல. தென்னோலை காற்றை விடும், உக்கினால் பசளை.

பெயர் விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பாடப் புத்தகங்களில் பச்சைவீடு, தமிழ்நாட்டில் பசுமை இல்லம், பசுமைக்குடில், பைங்குடில். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் 'பசுமை வீடு' என்று கண்டால் அது பெரும்பாலும் செடி வளர்க்கும் வீடாக இராது. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்றில் ஏழைகளுக்கு 300 சதுர அடியில் சூரியசக்தி விளக்கோடு கட்டிக்கொடுத்த குடியிருப்பு வீடுகளுக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்திலும் சொல் இப்படி அலைந்திருக்கிறது. வாகனத்தின் மேற்பாதி, கண்ணாடிகளால் சூழ்ந்த பகுதி, வடிவமைப்பாளர்களின் பேச்சில் கிரீன்ஹவுஸ். வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு வந்த வான் வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களின் பல கண்ணாடி பதித்த மூடிக்கும் அதே பெயர். 1951இல் அமெரிக்கா பசிபிக் தீவொன்றில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனைத் தொடருக்கும் இதே பெயரை வைத்தார்கள். செடியைக் காக்கப் பிறந்த சொல்லுக்கு அது நேர்ந்திருக்க வேண்டாம்.

பச்சைவீடு என்பது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வறண்ட சொல் என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தமிழில் பச்சை நிறம் மட்டும் அல்ல. சூளையில் வைக்கமுன் கொட்டிலில் காயும் கல் பச்சைக்கல். பிள்ளை பெற்ற தாய்க்குப் பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது என்று கதவைச் சாத்துவோம். பிறந்த குழந்தை பச்சைப்பாலன். இன்னும் முற்றாதது, காப்பு வேண்டியது, இவை எல்லாம் எங்கள் வாயில் பச்சை. வேற்றுக் குளிருக்கு அஞ்சிய தோடையை உள்ளே வைத்த வீட்டுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் வேறு எது? ஆகவே தோட்டத்தில் அந்தச் சொல் இருக்கட்டும். ஆனால் திட்டம் போடுகிறவர்கள் விண்ணப்பத்தில் வலைவீடா, மழைக்காப்புக் கூரையா, நிழல்வலையா என்று வேலையைச் சொல்லி எழுத வேண்டும். அதைச் செய்தாலே இன்னொருவரின் பூ உதிராமல் இருக்கும்.

பிள்ளையின் கேள்வி இன்னும் நிற்கிறது. அம்மம்மாவின் வீட்டிலிருந்து அந்த வாயு வரவில்லை. உள்ளே இருக்கும் செடி பகலில் காபனீரொட்சைட்டை எடுத்துத்தான் வளர்கிறது. ஆனால் வீட்டுக்கு அப்பால் தெரியும் வயலிலிருந்து கொஞ்சம் வருகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் உக்கும் வைக்கோலிலிருந்து மெதேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டுக்குள் உள்ள காற்றுவழியாலேயே அது மேலே ஏறிவருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம்.

இதற்காக வன்னி விவசாயி குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை. இலங்கையில் ஓர் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டுத்தான், உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் எங்களுக்கே பயன் தரும் வழி ஒன்று உண்டு. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க விடாமல், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் மெதேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும், விளைச்சல் குறையாது, தண்ணீரும் மிஞ்சும். பூக்கும் காலத்தில் நீர் நிற்க வேண்டும். நீர்மட்டம் பார்க்க, துளையிட்ட ஒரு பிவிசி குழாய்த்துண்டை வயலில் புதைத்தால் போதும். சிறுபோகத்துக்கு இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வருடாவருடம் பங்கு பிரித்து முறுகுப்படும் எங்களுக்கு, மிஞ்சும் தண்ணீர் இன்னொரு குடும்பத்தின் கால் ஏக்கர்.

போன மாதம் திரும்ப அந்தப் பக்கம் போனேன். அம்மா பக்கப் பொலித்தீனை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு வலை அடித்திருந்தார். கூரை உச்சியில் ஒரு கீற்றைத் திறந்து, மழைக்கு அதன்மேல் சின்னத் தொப்பி மாதிரி ஒரு மடிப்பும் போட்டிருந்தார். வெட்டி எடுத்த பொலித்தீன் மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகியிருந்தது. நேரம் பதினொன்றரை. அவர் உள்ளேதான் நின்று வெள்ளரிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். பேத்தி வரப்பில் குந்தியிருந்து, புதைத்த குழாய்க்குள் தடியை விட்டு எத்தனை விரல் தண்ணீர் என்று அளந்துகொண்டிருந்தாள்.